சிறைக்குள் இருப்பவருக்கு ஹெரோயின் சிகிச்சை: கொழும்புக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹெரோயின், ட்ரமடோல் போன்ற அபின் வகைப் போதைக்கு அடிமையான ஒருவர் பொலிஸ் காவலிலோ ரிமாண்டிலோ தண்டனைச் சிறையிலோ இருக்கும்போது அவருக்குச் சிகிச்சை கிடைக்கவும், தொடங்கிய சிகிச்சை அறுந்துபோகாமல் இருக்கவும் வீட்டார் என்ன செய்யலாம் என்பதே இந்தப் பக்கம். சிகிச்சை அறுவது பெரும்பாலும் ஆள் கைமாறும் நேரங்களில்தான்: பொலிஸிலிருந்து நீதிமன்றத்துக்கு, அங்கிருந்து ரிமாண்டுக்கு, ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு, கடைசியில் வாசலுக்கு வெளியே. கேள்விகளும் ஏறக்குறைய அந்த வரிசையில்தான் இருக்கின்றன. மருந்தளவுகளைச் சொல்லியிருப்பது வைத்தியரிடம் சரியான கேள்வி கேட்பதற்காக. வீட்டில் வைத்து நீங்களே கொடுத்துப் பார்ப்பதற்கு அல்ல.

மகனைப் பொலிஸ் பிடித்துச் சில மணி நேரம்தான் ஆகிறது. முதலில் எதைச் செய்வது?

கடைசியாக எப்போது எடுத்தார் என்று நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். ஹெரோயின் நின்று 8 முதல் 24 மணி நேரத்துக்குள் உடல் முறுக்கத் தொடங்கிவிடும். போதை நின்றதால் வரும் இந்தத் தொல்லைகளைத்தான் இந்தப் பக்கத்தில் முறுக்கம் என்கிறோம். அந்த நேரம் தெரிந்தால் மோசமான கட்டம் எப்போது வரும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம்.

அடுத்தது, கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், மருந்துத் துண்டு என்று வீட்டில் இருப்பவற்றைத் தேடி எடுத்துப் போட்டோப் பிரதி எடுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் போன கொப்பி திரும்பி வருவது அபூர்வம்.

பிறகு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் இவருக்கு நோய் இருக்கிறது, வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். "அவன் குடுக்காரன், மருந்து வேணும்" என்று சொன்னால் காதில் விழாது. "வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது, தண்ணீர் கூட நிற்கவில்லை" என்றால் கேட்பார்கள், ஏனெனில் காவலில் ஒருவர் சரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோனால் அங்கேயும் இதையே சொல்லும்படி மகனிடம் சொல்லி வையுங்கள். போதைப்பொருள் வழக்குகளில் நீதிமன்ற அனுமதியோடு 7 நாள் தடுப்புக்காவல் எடுப்பது வழக்கம். முறுக்கம் உச்சத்துக்குப் போகும் நாட்கள் முழுவதும் பொலிஸ் கூட்டுக்குள்ளேயே கழியலாம் என்பதால் ரிமாண்டுக்குப் போன பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இருக்க வேண்டாம்.

"மூன்று நாள் துடிப்பான், பிறகு சரியாகிவிடும்" என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சு, கண்மணி விரிதல் என்று தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் எலும்பு வலி, வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, பேதி, தூக்கமே வராமை என்று உச்சத்துக்குப் போகும். ஹெரோயினுக்கு 4 முதல் 10 நாளில் உடல் தொல்லை அடங்கும். மெதடோனுக்குத் தொடக்கமும் தாமதம், முடிவும் தாமதம்: 10 முதல் 20 நாள் வரை இழுக்கும்.

இளம் வயதில் ஆரோக்கியமாக இருப்பவரை இந்த முறுக்கம் நேரடியாகக் கொல்வது குறைவு. ஆனால் வாந்தியும் பேதியும் சேர்ந்து உடலில் நீர் வற்றிச் சாகலாம். நெரிசலான கூட்டில், ஒரு போத்தல் தண்ணீரைப் பலர் பங்கு போடும் இடத்தில் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஜீவனிப் பொதி, பொதியில் எழுதிய அளவு கொதித்தாறிய தண்ணீர், சிறிது சிறிதாக அடிக்கடி குடிப்பது: இவ்வளவும் அனுமதிக்கும்படி கேளுங்கள். சிறுநீர் போகாமை, நிற்கும்போது தலைசுற்றல், குழப்பமான பேச்சு ஆகியவை இருந்தால் அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. ட்ரமடோல் நிறைய எடுத்தவருக்கு வலிப்பு வரலாம். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்த்துப் பழகியவருக்கு அவற்றைத் திடீரென நிறுத்துவதே உயிராபத்து. ஹெரோயினை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது அதனால்தான் கூடாது.

உண்மையில்லாத பாதி "பிறகு சரியாகிவிடும்" என்பது. உடல் முறுக்கம்தான் அடங்கும். மூளையில் ஊறிய தேடல் மாதக்கணக்கில் இருக்கும். உடலின் தாங்கும் சக்தியோ சில நாட்களிலேயே குறைந்துவிடும். இந்த இரண்டும் ஒன்றாக நிற்பதுதான் விடுதலை நாளில் ஆளைக் கொல்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

ரிமாண்ட் பண்ணும் முன் நீதவானிடம் ஏதாவது கேட்கலாமா?

கேட்கலாம், கேட்க வேண்டும். சட்டத்தரணி எழுந்து, சந்தேகநபர் சிகிச்சையில் இருப்பவர், சிறைச்சாலை வைத்தியரிடம் காட்டித் தேவையான சிகிச்சை அளிக்கச் சிறைச்சாலை அத்தியட்சகருக்கு உத்தரவிட வேண்டும், அடுத்த தவணையில் வைத்திய அறிக்கை வர வேண்டும் என்று கேட்பது வழக்கமான விண்ணப்பம்தான். புதுக்கடையிலும் மாளிகாகந்தையிலும் நீதவான்களுக்கு இது புதிதல்ல. உத்தரவு வழக்கேட்டில் பதிவானால் சிறையில் கேட்பதற்கு உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. அறிக்கை வர வேண்டிய திகதியையும் சேர்த்துக் கேளுங்கள். திகதி இல்லாத உத்தரவை யாரும் அவசரமாகப் பார்ப்பதில்லை.

சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள். புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலேயே கேட்டால் வழி காட்டுவார்கள்.

வைத்தியருக்குக் கொடுக்கும் தாளில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரே பக்கம், அதற்கு மேல் வேண்டாம். இந்நாட்டில் வைத்தியக் குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் தாளும் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. சிகிச்சை தந்த கிளினிக்கிலேயே எழுதி முத்திரை வாங்கினால் இன்னும் நல்லது. இருக்க வேண்டியவை:

- முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், வழக்கு இலக்கம், கிடைத்திருந்தால் சிறைக் கைதி இலக்கம்
- எந்தப் பொருள், எத்தனை வருடம், புகைப்பதா ஊசியா, கடைசியாக எடுத்த நாளும் நேரமும்
- சிகிச்சை மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, கடைசி டோஸ் எடுத்த நாளும் நேரமும், யார் முன்னால் எடுத்தார்
- மற்ற மருந்துகள்: வலிப்பு, காசநோய், நீரிழிவு, மனநோய், தூக்க மாத்திரை, பிரீகபலின் (நரம்பு வலி மருந்து)
- ஒவ்வாமை, ஈரல் நோய், முன்பு மயங்கி விழுந்திருந்தால் அது எப்போது
- கிளினிக்கின் பெயர், தொலைபேசி, வைத்தியரின் பெயர், பதிவு இலக்கம்
- உங்கள் தொலைபேசி

இதில் அதிகம் விடுபடுவது கடைசி டோஸ் எடுத்த நேரம். அது இல்லாமல் எந்த வைத்தியரும் மெதடோனைத் துணிந்து தொடரமாட்டார். தொடரவும் கூடாது.

ஒரு எச்சரிக்கை. நாளுக்கு எவ்வளவு பாவித்தார் என்ற கணக்கு வைத்தியருக்குத் தேவை. அதே கணக்கு வழக்கேட்டுக்குள் போனால் பாதகமாகலாம். போதைப்பொருள் சட்டத்தின் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம். ஆகவே தாளை மூடிய உறையில் வைத்தியருக்கு என்று எழுதிக் கொடுங்கள். நீதிமன்றத்துக்கு எதைக் காட்டுவது என்பதைச் சட்டத்தரணி தீர்மானிக்கட்டும்.

வீட்டிலிருக்கும் மாத்திரையை நான் கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

கையில் கொடுக்க வேண்டாம். சோற்றுப் பார்சலுக்குள் வைப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். பிடிபட்டால் நீங்களும் உள்ளே. பிடிபடாவிட்டாலும் மகனுக்கு ஆபத்து: கண்காணிப்பில்லாத மாத்திரை உள்ளே காசு மாதிரி, அதைப் பிடுங்க ஆள் இருக்கும். சட்டபூர்வ வழி, மருந்துத் துண்டோடும் முத்திரை உடையாத பொதியோடும் சிறை அலுவலகத்தில் ஒப்படைத்து, சிறைச்சாலை வைத்தியர் அனுமதித்தால் அவர் மூலம் கொடுக்கச் செய்வது. நீரிழிவு, வலிப்பு மருந்துகள் இந்த வழியில் போவது சுலபம். கட்டுப்பாட்டு மருந்துகளை வைத்தியர் ஏற்காமல் தானே எழுதித் தருவார், அல்லது வேறு மருந்து கொடுப்பார். ஒப்படைத்ததற்கு ஒரு கையொப்பம் கேளுங்கள்.

மெதடோன், புப்ரெனோர்பின் என்கிறார்களே, அது என்ன? ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை இல்லையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு முதல் எதிரி சிறை நிர்வாகமல்ல, பல வீடுகளில் இந்த எண்ணம்தான்.

ஹெரோயின் மூளையில் பற்றும் அதே இடத்தில்தான் இரண்டும் பற்றும். வித்தியாசம் வேகத்திலும் நீளத்திலும் இருக்கிறது. ஹெரோயின் சடாரென ஏறிச் சில மணி நேரத்தில் இறங்குவதால் ஆள் நாளுக்கு மூன்று நான்கு தடவை அதன் பின்னால் ஓட வேண்டும். மெதடோன் மெதுவாக ஏறி 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கும், ஆகவே நாளுக்கு ஒரு டோஸ் போதும். சரியான அளவில் இருப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. வேலைக்குப் போவார், பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போவார். புப்ரெனோர்பின் அந்த இடத்தைப் பாதி மட்டுமே தூண்டும். ஒரு எல்லைக்கு மேல் அளவைக் கூட்டினாலும் மூச்சு அடங்கும் ஆபத்து அதே விகிதத்தில் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2005ல் இரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

அளவுகள் பொதுவாக இப்படி இருக்கும். மெதடோன் முதல் நாள் 20 மி.கி. அளவில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக 60 முதல் 120 மி.கி. வரை போகும். அவசரப்பட்டு ஏற்றினால் உடலில் சேர்ந்து சேர்ந்து மூன்றாம் நான்காம் நாளில் மூச்சை அடக்கிவிடும். புப்ரெனோர்பின் நாக்கின் கீழ் கரைவது. முதல் நாள் 4 முதல் 8 மி.கி., பிறகு பெரும்பாலும் 8 முதல் 24 மி.கி. அதை விழுங்கினால் வேலை செய்யாது.

புப்ரெனோர்பினில் எல்லாரும் இடறும் இடம் ஒன்று உண்டு. உடலில் ஹெரோயின் இருக்கும்போதே அதைக் கொடுத்தால் முறுக்கம் அடங்குவதற்குப் பதில் ஒரேயடியாகச் சீறிக் கிளம்பும். ஆகவே ஹெரோயின் நின்று குறைந்தது 12 மணி நேரம், மெதடோன் நின்று 24 மணி நேரத்துக்கும் மேலாக (சிலருக்கு 72 வரை) காத்திருந்து, முறுக்கம் கண்ணுக்குத் தெரிந்த பிறகே கொடுப்பார்கள். "மருந்து கொடுத்தார்கள், இன்னும் மோசமாகிவிட்டது" என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவெடுத்து நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது மருந்து நால்ட்ரெக்ஸோன். அது அந்த இடத்தைப் பூட்டிவிடும், தூண்டாது. தொடங்கு முன் 7 முதல் 10 நாள் உடல் முற்றிலும் சுத்தமாக இருக்க வேண்டும். நாளுக்கு 50 மி.கி. மாத்திரை, அல்லது மாதம் ஒரு ஊசி. மாத்திரையை நிறுத்துவது மிகச் சுலபம் என்பதே அதன் பலவீனம். நிறுத்திய பின் பழைய அளவில் ஹெரோயின் எடுத்தால் தாங்காது.

இதெல்லாம் கொழும்பில் கிடைக்குமா?

எல்லா ஆஸ்பத்திரியிலும் சும்மா போய்க் கேட்டு வாங்கும் மருந்துகள் அல்ல இவை. இங்கே பெரும்பாலும் நடப்பது அறிகுறிக்கு மருந்து கொடுத்துத் தேற்றுவது: வலிக்கு, வாந்திக்கு, பேதிக்கு, தூக்கத்துக்கு, முறுக்கத்துக்குக் குளோனிடின். குளோனிடின் இரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் ஒவ்வொரு டோஸுக்கும் முன் அழுத்தம் பார்க்க வேண்டும். இந்த முறை கெட்டதல்ல, ஆனால் அது முதல் பத்து நாளுக்கான சிகிச்சை.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு அழைத்து, எந்த மருந்து, எந்த இடத்தில், யார் அனுப்பினால் சேர்ப்பீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். தலங்கமவில் அவர்களுக்குச் சிகிச்சை நிலையம் உண்டு. மனநோயும் சேர்ந்திருந்தால் அங்கொடை தேசிய மனநல நிறுவனம், அதன் இலக்கம் 1926. சிறைச்சாலை வைத்தியசாலை வெலிக்கடையில் இருக்கிறது. அங்கு முடியாததற்கு வெளி ஆஸ்பத்திரிக்குக் காவலோடு கொண்டுபோவார்கள். காவலர் தட்டுப்பாட்டால் கிளினிக் தவணை தவறுவது சாதாரணம். தவணைத் திகதியை நீங்களும் குறித்து வைத்து, இரண்டு நாள் முன்னதாகச் சிறைச்சாலை நலன்புரி அலுவலரிடம் நினைவூட்டுங்கள்.

சிறைக்குள் இந்த மருந்தைக் கொடுத்தால் விற்றுவிடமாட்டார்களா?

சிலர் முயல்வார்கள். அதற்காகத்தான் கொடுக்கும் முறை இருக்கிறது. மெதடோனைத் திரவமாகத் தாதி முன்னால் குடிக்கச் செய்து, மேலே ஒரு கோப்பை தண்ணீர் குடிக்க வைத்து, இரண்டு வார்த்தை பேசவும் வைப்பார்கள். வாயில் ஒதுக்கியிருந்தால் தெரிந்துவிடும். புப்ரெனோர்பின் கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை கையைக் காட்டி உட்கார வைத்து, பிறகு வாயைப் பார்ப்பார்கள். சில இடங்களில் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதுண்டு. அபின் வகையின் வேலையை முறிக்கும் நலோக்சோன் கலந்த மாத்திரையும் உண்டு, நான்கு பங்கு புப்ரெனோர்பினுக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில். அதைக் கரைத்து ஊசியாக ஏற்றினால் முறுக்கம் கிளம்பும்.

இது பணக்கார நாட்டுக்கு மட்டுமான வேலை என்று சொல்வோரும் உண்டு. தில்லி திஹார் சிறையில் 2008லேயே புப்ரெனோர்பின் சிகிச்சை தொடங்கியது. ஈரானிலும் மலேசியாவிலும் சிறைக்குள் மெதடோன் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016ல் தன் சிறைகளில் மூன்று மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில், சிறையிலிருந்து அண்மையில் வெளிவந்தவர்களிடையே அதிக அளவால் நிகழ்ந்த மரணம் 26லிருந்து 9 ஆகக் குறைந்தது.

வேறு சிறைக்கு மாற்றியதில் மருந்து சில நாள் நின்றுவிட்டது. பழைய அளவையே கேட்கலாமா?

கேட்கக் கூடாது. ஒன்றிரண்டு நாள் என்றால் வைத்தியர் பார்த்துவிட்டு அதே அளவைத் தொடரலாம். மெதடோன் 3 நாள் தவறினால் அளவைக் குறைத்தே தொடங்க வேண்டும், பெரும்பாலும் பாதியாக. 5 நாள் தாண்டினால் புதிதாகத் தொடங்குவது மாதிரி அடியிலிருந்து. 80 மி.கி. எடுத்தவர் ஒரு வாரம் கழித்து அதே 80ஐக் குடித்தால் அந்த இரவே மூச்சு நிற்கலாம். "பழையபடி கொடுங்கள்" என்று சண்டை பிடிக்கும் வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை, அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டியது, எத்தனை நாள் தவறியது என்று வைத்தியருக்குத் தெரியுமா என்பதைத்தான்.

காசநோய் மருந்தும் கொடுக்கிறார்கள். சேர்ந்து போகுமா?

கவனம் தேவை. நெரிசலான சிறையில் காசநோய் வருவது அதிகம், அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மெதடோனை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றும். நேற்று வரை நன்றாக இருந்தவர் சில நாட்களில் மறுபடி முறுக்கத்தில் கிடப்பார். நடிக்கிறான் என்று நினைப்பார்கள். மெதடோன் அளவைக் கூட்டினால் சரியாகும், ரிஃபாம்பிசின் முடிந்ததும் மறுபடி குறைக்கவும் வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின், பெனிடோயின், எச்.ஐ.வி. மருந்துகளில் எஃபாவிரென்ஸ் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். எதிர்ப்பக்கம் தூக்க மாத்திரை, பிரீகபலின், மது: மூச்சை அடக்குவதில் இவை மெதடோனோடு கைகோர்க்கும்.

மகள் கர்ப்பமாக இருக்கிறாள். வெலிக்கடை பெண்கள் பிரிவில் இருக்கிறாள்.

அன்றைக்கே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் ஹெரோயினைத் திடீரென நிறுத்தி முறுக்கத்தில் விடுவது கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம் வரை கொண்டுபோகும். கர்ப்பிணிக்குப் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை மெதடோன் அல்லது புப்ரெனோர்பின், உடலைச் சுத்தம் செய்வது அல்ல. பிறக்கும் குழந்தைக்குச் சில நாள் நடுக்கமும் ஓயாத அழுகையும் இருக்கலாம். அது வார்டில் பார்த்துக்கொள்ளக்கூடியது, தாய்ப்பாலும் கொடுக்கலாம். எந்த ஆஸ்பத்திரியில் பிரசவமோ அங்குள்ள குழந்தை வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சட்டத்தரணிக்கும் சொல்லுங்கள், பிணை விண்ணப்பத்தில் இது முக்கியமான காரணம்.

கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பினால் நல்லதா?

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் ஒருவரைச் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் அனுப்பலாம். சிறையைவிட நல்லது என்று பல தாய்மார் அதையே கேட்கிறார்கள். எங்கள் கருத்து: கட்டாய அடைப்பு சிகிச்சையாகாது. 2012ல் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் சேர்ந்து, உலகெங்கும் போதைக்கான கட்டாய அடைப்பு மையங்களை மூடும்படி அறிக்கை விட்டன. உடற்பயிற்சியும் ஒழுங்கும் கெட்டதல்ல, ஆனால் சில மாதங்கள் போதையில்லாமல் வைத்துவிட்டு மருந்தும் பின்தொடர்தலும் இல்லாமல் அனுப்பினால் தாங்கும் சக்தி இறங்கிய உடம்புதான் வீட்டுக்கு வரும். தெரிவு உங்கள் கையில் இருந்தால் வைத்தியர் இருக்கும், மருந்து தொடரும், வெளிவந்த பின் கிளினிக் தவணை தரும் இடத்தைக் கேளுங்கள்.

அவனுக்குச் சிங்களம் சரியாக வராது. வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

அதனால்தான் முன்னால் சொன்ன ஆங்கிலத் தாள். மேலும் நான்கு சிங்களச் சொற்களைச் சொல்லிக் கொடுங்கள்: பெஹெத் என்றால் மருந்து, வமனய என்றால் வாந்தி, பாச்சனய என்றால் பேதி, கர்ப்பிணி அங்கேயும் கர்ப்பிணிதான். தமிழில் சேவை பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. நடைமுறையில் வார்டில் இருக்கும் இன்னொரு கைதிதான் மொழிபெயர்ப்பார். எச்.ஐ.வி., மனநோய் மாதிரி விடயங்களை அவர் மூலம் பேச வேண்டாம். நலன்புரி அலுவலரையோ தமிழ் தெரிந்த தாதியையோ கேட்கலாம்.

சிகிச்சை தர மறுக்கிறார்கள். எங்கே போவது?

படிப்படியாகப் போங்கள். முதலில் சிறைச்சாலை வைத்தியருக்கும் அத்தியட்சகருக்கும் எழுத்தில், பதிவுத் தபாலில். பிறகு அடுத்த தவணையில் சட்டத்தரணி மூலம் நீதவானிடம். அதோடு மனித உரிமைகள் ஆணைக்குழு, அவசர இலக்கம் 1996. முறைப்பாட்டில் கோபத்தைவிடத் திகதிகள் அதிகம் வேலை செய்யும்: எந்த நாள் கேட்டீர்கள், யாரிடம், என்ன பதில். 2015ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகளில் 24ஆவது விதி, கைதிக்கு வெளியே கிடைக்கும் அதே தரத்தில் வைத்தியம் வேண்டும், போதை அடிமைநிலைக்கான சிகிச்சையும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. கடிதத்தில் அந்த இலக்கத்தைப் போடுங்கள்.

ஐஸ் எடுப்பவருக்கும் இதே மருந்தா?

இல்லை. ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமைன் வேறு வகை, மெதடோனும் புப்ரெனோர்பினும் அதற்கு வேலை செய்யாது. இரண்டும் சேர்த்து எடுப்பவருக்கு ஹெரோயின் பக்கத்துக்கு மட்டும் உதவும்.

வெளிநாட்டில் மெதடோன் எடுத்தவர், நாடுகடத்தப்பட்டு வந்து இங்கே ரிமாண்டில் இருக்கிறார்.

அங்குள்ள கிளினிக்கிலிருந்து கடைசி டோஸ் கடிதத்தை மின்னஞ்சலில் கேளுங்கள். அளவு, திகதி, வைத்தியர் கையொப்பம் மூன்றும் வேண்டும். அவருடைய சம்மதக் கையொப்பம் இல்லாமல் தரமாட்டார்கள், எனவே சட்டத்தரணி மூலம் அதை வாங்குங்கள். முதல் நாள் நன்றாக இருப்பார். இரண்டாம் மூன்றாம் நாள்தான் முறுக்கம் தொடங்கும். முதல் நாள் பார்த்த வைத்தியர் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தால் மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

எப்போது வெளியே வருவார் என்றே தெரியாது. விடுதலைக்கு எப்படித் தயாராவது?

இங்குள்ள பெரிய சிக்கல் இதுதான். தண்டனை முடிந்து வருபவருக்குத் திகதி தெரியும். பிணையில் வருபவர் காலையில் தவணைக்குப் போய், பிணையாளிகள் கையெழுத்து வைத்ததும் வெளியே வந்துவிடலாம். தண்டப்பணம் கட்டாததால் உள்ளே இருப்பவர் பணம் கட்டிய அன்றே வருவார். கையில் மருந்தும் இல்லை, துண்டும் இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த, 2007ல் வெளியான ஓர் ஆய்வில், விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அதிக அளவால் சாகும் ஆபத்து அங்குள்ள மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டார்கள். காரணம் முன்னால் சொன்னதுதான்: தேடல் அப்படியே, தாங்கும் சக்தி இல்லை. இங்கே பெரும்பாலும் புகைக்கிறார்கள், ஊசியைவிட அது ஆபத்துக் குறைவு. ஆனால் மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் அந்த வித்தியாசம் கரைந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு தவணையையும் விடுதலை நாளாக நினைத்துத் தயாராகுங்கள். தவணைக்கு முந்திய வாரம் கிளினிக்குக்கு அழைத்து, வந்தால் மறுநாளே பார்ப்பீர்களா என்று கேட்டு, பெயர் பதிந்து வையுங்கள். சிறை வைத்தியரிடம் நடப்புச் சிகிச்சைச் சுருக்கமொன்றை மாதம் ஒரு முறை கேளுங்கள். திடீரென வெளியே வந்தாலும் அந்தத் தாள் கைவசம் இருக்கும். நீதிமன்றத்துக்கு இரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் பிணைக் கடதாசி வேலைக்கு, ஒருவர் அவரை விட்டு நகராமல். கையில் பெரிய தொகையாகப் பணம் கொடுக்க வேண்டாம். வருவதைக் கொண்டாட வரும் பழைய கூட்டாளிகளை முதல் இரண்டு வாரம் வாசலோடு நிறுத்துங்கள்.

கடினமான பேச்சு ஒன்றும் பேச வேண்டும். மறுபடி எடுக்காதே என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எடுத்தால் பழைய அளவு உன்னைக் கொல்லும், தனியாக இருக்காதே, கதவைப் பூட்டாதே என்றும் சொல்லுங்கள். இதைச் சொல்வது அனுமதி கொடுப்பதாகாது.

மயங்கிக் கிடந்தால்?

தோளை உலுக்கிப் பெயரைக் கூப்பிட்டும் எழும்பவில்லை, உதடு நீலம் அல்லது சாம்பல், கண்மணி ஊசிமுனை போல, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவு, தொண்டையில் கொறகொறச் சத்தம்: இவற்றைக் கண்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள், இலவசம். "மூச்சு எடுக்கவில்லை" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். மூச்சு நின்றுபோயிருந்தால் தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 அல்லது 6 விநாடிக்கு ஒரு முறை மார்பு உயரும்படி ஊதுங்கள். நாடியும் இல்லையென்றால் மார்பை அழுத்த வேண்டும். அம்புலன்ஸ் இலக்கத்தில் பேசுபவர் வழி சொல்வார். மூச்சு இருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டையில் போகாது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது, தேசிக்காய்ச்சாறு ஊட்டுவது, நடக்க வைப்பது எல்லாம் நேரத்தைத்தான் தின்னும். குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்று விட்டுவிட்டுக் காலையில் பார்த்த வீடுகள் இருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் நலோக்சோன் ஏற்றினால் சில நிமிடத்தில் எழும்பிவிடுவார், எழும்பியதும் முறுக்கத்தில் சண்டை பிடிப்பார். வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். நலோக்சோன் 30 முதல் 90 நிமிடமே நிற்கும். உடலில் உள்ள பொருள் அதற்கு மேலும் நின்றால் மறுபடி சரிவார். மெதடோன் என்றால் இன்னும் அதிக நேரம் அவரைக் கண்காணிக்க வேண்டும்.

இப்போது நன்றாக இருக்கிறார். மருந்தை எப்போது நிறுத்தலாம்?

வழக்கு முடிந்தது, வேலை கிடைத்தது என்பதெல்லாம் நிறுத்துவதற்கான காரணங்கள் அல்ல. உண்மையில் அந்த நாட்களில்தான் பலர் நழுவுகிறார்கள். ஒரு வருடத்துக்குள் நிறுத்தியவர்கள் திரும்பிப் போவது அதிகம், பலருக்குப் பல வருடம் தேவைப்படும். நிறுத்துவதென்றால் அவரே விரும்பி, வைத்தியர் பார்வையில், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து. இடையில் தடுமாறினால் முந்திய அளவுக்குத் திரும்பலாம். வழக்கு இன்னும் நடக்கிறதென்றால் அடுத்த தவணைக்கு முன் அளவைக் குறைக்கத் தொடங்க வேண்டாம். மறுபடி ரிமாண்ட் ஆனால் குறைப்பின் நடுவில் உள்ளே போக நேரிடும்.